நிறுத்து என்று யாரும் சொல்லலாம்

பிரஸ் ஷாப்பில் வாய்ப்பேச்சு பாதி தூரம்தான் போகும். 250 டன் பிரஸ் தகட்டின் மேல் இறங்கும்போது அந்த அதிர்வு தரை வழியாக வந்து ஷூவுக்குள் இருக்கும் குதிகாலைத் தட்டும். எட்டு பத்து பிரஸ்கள் வரிசையாக ஓடினால், பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் நான்கு வார்த்தையில் இரண்டுதான் சேரும். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும் என்றால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த காலத்தில் எட்டு மணி நேரத்துக்கு விதி அனுமதித்த அளவு 90. அதற்கு மேல் ஐந்து டெசிபல் ஏறினால் இருக்கலாம் என்ற நேரம் பாதியாகக் குறையும். 95 என்றால் நான்கு மணி, 100 என்றால் இரண்டு மணி. ஆனால் ஷிப்ட் எப்போதும் எட்டு மணிதான்.

அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு அப்ரண்டிஸாகப் பாடிக்குப் போனவன் நான். பிறகு தொழிற்பேட்டைக்குள், பிரஸ்ஸில் அச்சைப் பொருத்தும் டை செட்டர், சுமை கட்டும் ரிகர், சூப்பர்வைசர் என்று காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு கிரேன் சைகையும் சுமை கட்டும் முறையும் சொல்லித் தருகிறேன். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளை நினைத்தால் எனக்கு முதலில் கொக்கிதான் கண்ணில் நிற்கும். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1955-இல் பெரம்பூரில் வந்த ஐ.சி.எஃப்., அறுபதுகளில் பாடியில் எழுந்த டி.வி.எஸ். குழுமத்துக் கம்பெனிகள், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த ஆவடித் தொழிற்சாலை என்று எதை எடுத்தாலும், அங்கே செய்யும் பொருளோ அதைச் செய்யும் மெஷினோ ஏதோ ஒரு நாள் கொக்கியில் தொங்கித்தான் இடம் மாறியிருக்கும். தொங்கும்போது அதன் கீழேயும் பக்கத்திலும் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆளின் கை மட்டும்தான்.

அந்தக் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குச் சொல்லித் தந்தவரை ஷாப் முழுக்க நைனா என்று கூப்பிடுவோம். ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் கலாசியாக இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். ‘ஆரியா’ என்றால் இறக்கு, ‘ஹபீஸ்’ என்றால் தூக்கு என்று ஹார்பர் பேச்சில்தான் தொடங்குவார். கப்பியும் கயிறும் வின்ச்சும் வைத்து ஆள்பலத்தால் தூக்கிய காலத்தில் குரல்தான் எல்லாம். இருபது பேர் ஒரே நொடியில் இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் கயிறு தளர்ந்துவிடும். அதனால் ஒருவர் பாட்டெடுப்பார், மற்றவர்கள் இழுப்பின்போது குரல் கொடுப்பார்கள். 1988-இல் கேரளத்தில் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, பெட்டிகளை வெளியே எடுக்க பேப்பூர்க் கலாசிகளை வரவழைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நைனா நாள் முழுக்க அதையே பேசினார். எந்தக் கிரேனும் தன் பாட்டுக்கு வேலை செய்யாது, சொல்கிறவன் ஒருவன் வேண்டும் என்பது அவர் வாதம்.

பிரஸ் ஷாப்பில் பாட்டு எடுபடாது. அங்கே கைதான். தூக்கு என்றால் முன்னங்கையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரல் கூரையைப் பார்க்க, சின்ன வட்டமாகச் சுழற்ற வேண்டும். இறக்கு என்றால் கையைக் கீழே நீட்டி, விரல் தரையைப் பார்க்க, அதே சுழற்சி. டிராலி மட்டும் குறுக்கே போக வேண்டும் என்றால் விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் திசை காட்ட வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க முன்னும் பின்னும் வீசினால் நிறுத்து. இரண்டு கைகளாலும் அப்படி வீசினால் அவசர நிறுத்தம். இதெல்லாம் ஒரு மதியத்தில் படித்துவிடலாம். படம் போட்ட சார்ட் எல்லா ஷாப்பிலும் சுவரில் தொங்கும்.

சார்ட்டில் இல்லாததைத்தான் நைனா சொல்லித் தந்தார். அவர் வலது கைக்கு மட்டும் புதுசாக வெள்ளைக் காட்டன் கிளவுஸ் போடுவார். இடது கையில் ஆயிலும் கிரீஸும் ஏறிக் கறுத்துப்போன பழையது. எங்கள் ஷாப்பில் எல்லாமே கறுப்பு. டை கறுப்பு, தரை கறுப்பு, யூனிஃபார்ம் கருநீலம். முப்பது அடி உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அந்தக் கறுப்பில் தனியாகத் தெரிவது ஒரு வெள்ளைக் கை. சைகை செய்யாத நேரத்தில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். மூக்கைச் சொறிவதற்கும் வியர்வை துடைப்பதற்கும் இடது கைதான். வெள்ளைக் கை வெளியே வந்தால் அது வேலைப் பேச்சு. கூரை நார்த் லைட் கூரை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் இறங்கும். அந்த வெளிச்சம் தன் முதுகில் விழும்படி நிற்கவே மாட்டார். முகத்தில் விழும்படி திரும்பி நிற்பார். முதுகில் வெளிச்சம் பட்டால் மேலே இருப்பவருக்கு நிழல் மட்டும் தெரியும், விரல் தெரியாது.

“மேல இருக்கிறவன் உன் கையத்தான் பாப்பான், லோடப் பாக்க மாட்டான். லோட நீ பாரு தம்பி” என்பார். ஆபரேட்டருக்குச் சுமையைப் பார்க்கத் தோன்றும். கட்டிய ஆளுக்கு ஆபரேட்டர் முகத்தைப் பார்க்கத் தோன்றும். இரண்டு பேரும் அந்த ஆசையை விட்டுவிட்டு அவரவர் பார்வையை மாற்றி வைக்கப் பழக வேண்டும். ஒருவரையொருவர் நம்பினால்தான் அது நடக்கும். அந்த நம்பிக்கையைக் காட்டக் கேபினில் ஒரு மணி இருந்தது, ஆபரேட்டரின் காலடியில். சைகையைப் பார்த்ததும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கன்ட்ரோலரைத் திருப்புவார். ‘டங்’ என்ற அந்த ஒரு ஒலி, பிரஸ் சத்தத்திலும் வேறாகக் கேட்கும். மணி வரவில்லை என்றால் நைனா சைகையை நிறுத்திவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார், மறுபடி முதலிலிருந்து.

பேச்சில்லாத இந்தப் புரிதலை நான் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். பூந்தமல்லிப் பக்கம் என் பெரியப்பாவுக்குக் கொல்லுப்பட்டறை இருந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவார், கடப்பாரை அடிப்பார். அவர் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு கைச்சுத்தியால் எங்கே தட்டுகிறாரோ அங்கேதான் எதிரில் நிற்பவர் சம்மட்டியை இறக்க வேண்டும். மெதுவாகத் தட்டினால் மெதுவான அடி, ஓங்கித் தட்டினால் ஓங்கிய அடி. போதும் என்றால் இரும்பை விட்டுவிட்டுப் பட்டடையில் கைச்சுத்தியைத் தட்டுவார். அந்த வெற்றுச் சத்தம் கேட்ட பிறகு சம்மட்டி இறங்கக் கூடாது. இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள். சூட்டிரும்பு ஆறுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும், பேச நேரம் ஏது?

பட்டறையில் இரண்டே பேர். ஷாப்பில் அறுபது பேர், மேனேஜர் உட்பட. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஒரு இரவு ஷிப்டில் மூன்று டன் கீழ் டையை போல்ஸ்டர் எனும் பிரஸ் மேடை மேல் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். டை செட்டர் முன்பக்கம் நின்று சைகை கொடுக்கிறார். டை போல்ஸ்டருக்கு மேல் நான்கு நூல் உயரத்தில் நிற்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பேச்சில் எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச். டையை நிறுத்திவிட்டு, ஹெல்பர் கீழே விரல்களை விட்டு ஒரு மரப் பேக்கிங்கை வெளியே எடுக்கிறார். அந்த நேரத்தில், பே நடுவில், அதாவது கிரேன் ஓடும் பகுதியின் நடுவில் நின்றிருந்த ஒரு பெரிய அதிகாரி, தூரத்தில் இருந்த ஒரு பையனைக் கை காட்டி அழைத்தார். நம் ஊரில் ஒருவரை எப்படி அழைப்போம்? கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி மடக்கி ஆட்டுவோம். மேலே இருந்த ஆபரேட்டர் கண்ணுக்கு அது ‘மெதுவாக இறக்கு’. காட்டியவர் வெள்ளைச் சட்டை போட்டவர். இறக்கினார். ஹெல்பருக்கு இரண்டு விரல்களின் நுனி போயிற்று.

விசாரணைக் குறிப்பில் ஹெல்பரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சுமைக்குக் கீழே கை வைத்தது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நொடியில் அந்த ஷாப்பில் இரண்டு பேர் கை பேசிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கைக்குத் தான் பேசுவதே தெரியாது. அதைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரி இல்லை. அந்த ஆதங்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொக்கியில் சுமை ஏறிவிட்டால் அந்த பேயில் நிற்கிற யாரும், எம்.டி.யாகவே இருந்தாலும், கையால் பேசக் கூடாது என்பதை அதற்குப் பிறகு எந்த ஷாப்புக்குப் போனாலும் முதல் விதியாக வைத்தேன். ஆளைக் கூப்பிட வேண்டுமா, நடந்து போய்த் தோளைத் தொடுங்கள்.

கிரேன் வேலையில் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு விதி உண்டு. சைகை கொடுப்பவர் ஒருவர்தான். அவர் சொன்னால் மட்டும்தான் சுமை அசைய வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். அசைவதற்கு ஒரு ஆள், நிற்பதற்கு எல்லா ஆளும். முதல் பாதியைப் பழக்கிவிடலாம். இரண்டாவது பாதி நம் ஊரில் லேசில் வராது. வயதில் சின்னவர், காண்ட்ராக்ட் ஆள், நேற்று சேர்ந்தவர் ஒரு மேஸ்திரியின் வேலையைக் கை நீட்டி நிறுத்துவதா? தப்பென்று கண்ணுக்குத் தெரிந்தாலும், பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று நின்றுவிடுகிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த மரியாதை வீட்டில் அழகு. மூன்று டன் தொங்கும் இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

1977 மார்ச் 27-ஆம் தேதி டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததைப் பயிற்சி வகுப்பில் நான் கட்டாயம் சொல்வேன். மூடுபனி. கே.எல்.எம். விமானம் புறப்படத் தயாராக ஓடுபாதை முனையில் நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் எதிரே வந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம். தரப்பு சொன்னதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ‘ஓ.கே.’ என்று தொடங்கி, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்று முடித்தது. அதே நொடியில் பான் ஆமும் பேசியதால் பின்பாதி வானொலிக் கீச்சொலியில் அடிபட்டுப் போயிற்று. தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓ.கே.’ ஒன்றுதான். விமானம் ஓடத் தொடங்கிய பிறகும் உள்ளே இருந்த ஃப்ளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம். பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். கேப்டன் அந்தக் கம்பெனியிலேயே மிக மூத்தவர்களில் ஒருவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். எஞ்சினியர் அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் விமானத்துறையில் சொற்களைக் கட்டுப்படுத்தினார்கள். கட்டளைக்கு ‘ஓ.கே.’ போதாது, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி தரும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வாயிலேயே எடுக்கக் கூடாது.

எங்கள் ‘ஓ.கே.’ என்பது ‘சரி சார்’. தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டி ஒரு ‘சரி சார்’. அதில் புரிந்தது என்பதும் இருக்கும், நீங்கள் சொல்வதைக் கேட்டேன் என்பதும் இருக்கும், சீக்கிரம் முடியுங்கள் என்பதும் இருக்கும், காதில் விழவில்லை ஆனால் மறுபடி கேட்க வெட்கம் என்பதும் இருக்கும். அந்தக் கடைசி வகையைப் பற்றி ஷாப்பில் யாரும் பேசுவதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜ் ஷாப்பிலும் பதினைந்து இருபது வருஷம் இருந்தவரின் காது மொத்தமாக அடைத்துப்போவதில்லை. முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும். அவருக்குப் பேச்சின் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. உயிரெழுத்தின் நீட்டம் காதில் விழும். ச, த, ட போன்ற மெல்லிய வெட்டுகள் விழாது. ‘எடுத்துடு’ என்றதும் ‘விட்டுடு’ என்றதும் அவருக்கு ஒன்றுபோல இருக்கும். எனக்குச் சத்தம் நன்றாகத்தான் கேட்கிறது என்று அவர் சொல்வது பொய்யில்லை. வீட்டில் டி.வி.யைச் சத்தமாக வைக்கிறார் என்று மனைவி சண்டை போடுவார். பேரப்பிள்ளை பேசுவது புரியாமல் சும்மா சிரித்து வைப்பார். ஷாப்பில் அவர் ரொம்ப அமைதியான மனுஷர், எது சொன்னாலும் சரி என்பவர் என்று பெயர் எடுத்திருப்பார். அது குணமில்லை, காது.

இரைச்சலால் வரும் காதுக்கேடு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே இருந்தது. ஆனாலும் நான் பார்த்த ஷாப்களில் காதுப் பரிசோதனைக்கு யாருமே முன்வர மாட்டார்கள். பரிசோதித்தால் ஏதாவது தெரியும், தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், ஓவர்டைம் போகும் என்ற பயம். அதைச் சும்மா பயம் என்று தள்ள முடியாது, வீட்டு வாடகை அதில் இருக்கிறது. காதில் வைக்கும் பிளக்கும் பலர் வைப்பதில்லை. மெஷின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தால் தெரியாமல் போய்விடும் என்பார்கள். அனுபவப்பட்ட ஆபரேட்டர் கிளட்ச் போவதைக் காதால்தான் முதலில் கண்டுபிடிப்பார் என்பது நிஜம். ஆனால் இருபது வருஷத்தில் அந்தக் காதே போய்விடுகிறது.

அதனால் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். ‘நான் என்ன சொன்னேன், சொல்லு’ என்பதும் கூடாது. அது வாத்தியார் பிள்ளையிடம் கேட்பது. நாற்பது வயது மனிதரிடம், அதுவும் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால் அவர் மனசு மூடிக்கொள்ளும். ‘அண்ணே, எதை முதல்ல கழட்டப் போறீங்க?’ என்று கேட்பேன். அவர் வேலையைப் பற்றி அவரிடம் கேட்கிறேன். அதில் அவமானம் இல்லை. ‘பின்னாடி கிளாம்ப முதல்ல எடுத்துட்டு, அப்புறம் ஸ்லிங் மாட்டுறேன்’ என்று அவர் சொன்னால் நான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு மாதிரிச் சொன்னால் ஒன்று அவருக்குக் கேட்கவில்லை, இல்லை அவரிடம் என்னைவிட நல்ல வழி இருக்கிறது. இரண்டாவதும் அடிக்கடி நடக்கும். சொல்வது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது சொன்னவர் வேலை. கேட்டவர் தலையில் அதைக் கட்டுவதை நான் ஒருநாளும் ஏற்கவில்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இது இன்னும் மோசம். இரண்டு மணிக்கு ஏ ஷிப்ட் விடும். கை கழுவிக்கொண்டே, பட்டரவாக்கத்தில் ரயில் பிடிக்கும் அவசரத்தில், ‘மூணாம் நம்பர்ல பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது, பாத்துக்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ‘கொஞ்சம்’ எவ்வளவு, ‘பாத்துக்க’ என்றால் என்ன செய்ய வேண்டும்? லாக் புத்தகத்தில் எழுதி, சுவிட்சில் டேக் மாட்டி, இரண்டு பேரும் அந்த மெஷின் முன்னால் நின்று ஒரு ஸ்ட்ரோக் ஓட்டிப் பார்த்தால் மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷத்துக்குச் சம்பளம் கொடுத்த ஷாப்பில் அது நடந்தது. கொடுக்காத ஷாப்பில் நடக்கவில்லை.

இப்போது தொழிற்பேட்டைக்குள் காலையில் நடந்து போனால் ஒடியாவும் போஜ்புரியும் ஹிந்தியும் காதில் விழுகின்றன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். மண்ணூர்பேட்டையிலும் பட்டரவாக்கத்திலும் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகை ஆங்கிலத்திலும், வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. கேட் அருகே பலகை தமிழில் இருக்கும். லோடிங் பேயில் நிற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பெரும்பாலோர் என்பதைக் கம்பெனி முழுக்கக் கணக்கிடாமல் ஒவ்வொரு பேயாகக் கணக்கிட வேண்டும் என்று நான் மன்றாடியிருக்கிறேன். சில இடங்களில் கேட்டார்கள்.

இந்தப் பையன்களோடு வேலை செய்ததில்தான் கைச்சைகையின் முழு அருமையும் எனக்குத் தெரிந்தது. பாலசோரிலிருந்து வந்தவனுக்கும் பட்டாபிராமிலிருந்து வந்தவனுக்கும் ‘இறக்கு’ ஒன்றே. ஆனால் சைகைக்கு முன்னாலும் பின்னாலும் பேச்சு தேவைப்படுகிறது. எடை எவ்வளவு, ஸ்லிங் எங்கே மாட்டுவது, எங்கே கொண்டுபோய் வைப்பது. அதற்கு நாங்கள் தரையில் சாக்பீஸால் படம் போட்டோம். டையின் மேல் எடையைப் பெயின்டில் எண்ணாக எழுதினோம். அவர்கள் ‘மெதுவா’, ‘நிறுத்து’, ‘கை எடு’ கற்றுக்கொண்டார்கள். நாங்கள் ‘தீரே’, ‘ரோகோ’, ‘ஹாத் ஹடாவோ’ கற்றுக்கொண்டோம். எங்கள் ஆட்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நம் ஊரில் வந்து நாம் ஏன் அவன் பாஷை பேச வேண்டும் என்றார்கள். டை கீழே கை இருக்கும்போது எந்தப் பாஷையில் கத்தினால் அந்தக் கை வெளியே வருமோ அந்தப் பாஷையில் கத்துங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இந்தப் பத்து வருஷத்தில் கேபின்கள் காலியாகிவிட்டன. கேபிளில் தொங்கும் பட்டன் பெட்டியான பெண்டன்ட் வந்தது, பிறகு ரேடியோ ரிமோட். ஆபரேட்டர் தரையில் நின்று இடுப்பில் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு தானே சுமை கட்டி, தானே தூக்கி, தானே நடந்து போகிறார். நடுவில் ஆள் இல்லாததால் தப்பாகப் புரிந்துகொள்ள இடமில்லை என்பது ஒரு நன்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று டன் டை அவருக்கு முன்னால் சுவர் மாதிரி போகிறது; அதன் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஷிப்டுக்கு ஒரு ஆள் மிச்சம் என்று கணக்கு எழுதுகிறவர்கள், அந்தப் பக்கத்தைப் பார்க்க இருந்த இரண்டு கண்களைத்தான் கழித்திருக்கிறார்கள்.

பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறவர்கள், சிக்னல் ஆள் ஏன் வேண்டும் என்பதை மெட்ரோ வேலையில் கண்ணால் பார்த்திருப்பார்கள். கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் வழித்தடம். போரூர் தாண்டி மேம்பாலத் தூண்கள் மேல் இரவில் கிரேன் வைத்துக் கர்டர் ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய வேலையில் சிக்னல் ஆளை எடுக்க முடியாது. உயரத்தில் கை தெரியாத இடத்தில் வாக்கி டாக்கி. அதில் ஒரு பழக்கம் உண்டு. ‘இறக்கு’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இறங்கிக்கொண்டிருக்கும் வரை ‘இறக்கு… இறக்கு… இறக்கு…’ என்று குரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டரி போனாலோ, அலைவரிசை விட்டாலோ, பேசுகிறவர் மயங்கி விழுந்தாலோ குரல் நிற்கும். குரல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாத ஒரே பேச்சு முறை எனக்குத் தெரிந்து இதுதான்.

பயிற்சிக்கு அழைக்கிற கம்பெனிகளில் இப்போது நான் சார்ட்டை முதலில் எடுப்பதில்லை. வெறும் கொக்கியை ஆளுயரத்துக்கு மேல் தூக்கி பே முழுக்க மெதுவாக ஓட்டச் சொல்வேன். அந்த பேயில் கால் வைக்கும் எல்லோரையும், பெருக்கும் அம்மா, கேன்டீன் பையன், ஸ்டோர்ஸ் குமாஸ்தா, நேற்றுச் சேர்ந்த ஒடியாப் பையன், பிளான்ட் மேனேஜர் என்று எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, கை வீசி அந்தக் கொக்கியை நிறுத்தச் சொல்வேன். யார் காட்டுகிறார்கள் என்று பார்க்காமல் நிறுத்த வேண்டும் என்பது ஆபரேட்டருக்குப் பயிற்சி. காட்டினால் நிற்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பது மற்றவர்களுக்குப் பயிற்சி. முதல் தடவை பாதிப் பேர் கையை மார்புக்கு மேல் தூக்கவே கூச்சப்படுவார்கள். மறுபடி செய்யச் சொல்வேன். கையைத் தோள் உயரத்துக்கு முழுசாக நீட்டி வீசும் வரை விடுவதில்லை.

பெருக்கும் அம்மாவுக்கு எதற்குக் கிரேன் பயிற்சி என்று ஒரு மேனேஜர் கேட்டார். இந்த பேயில் தினம் நான்கு தடவை துடைப்பத்தோடு சுமைக்கு அந்தப் பக்கமாக நடக்கிறவர் அவர் ஒருவர்தான் என்றேன். சில கம்பெனிகள் இதற்கு அரை மணி நேரம் கொடுக்கின்றன. புரொடக்‌ஷன் போகும் என்று கொடுக்காத இடங்களில் ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்தால் ஒரு மாதத்தில் ஒரு ஷிப்டை முடித்துவிடலாம்.